தும்மினால் வேலை போச்சு

மஞ்சக்கோட்டையை ஆண்ட அழகப்ப பூபதி புலிக்குப் பயப்படமாட்டார். தும்மலுக்குப் பயப்படுவார். அவர் வெளியே புறப்படும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் தீர்ந்தது. அபசகுனம் என்று திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

அப்பேர்ப்பட்டவரின் அரண்மனை வாசலை ஒட்டி மிளகாய் இடிக்கும் கூடத்தைக் கட்டிய புண்ணியவான் யாரோ தெரியாது. ஒருநாள் மாமனார் வீட்டு விருந்துக்குக் கிளம்பிய ராஜாவுக்குத் தண்ணீர் குடித்தே வயிறு நிறைந்துவிட்டது.

"சூரப்பரே, இந்தத் தும்மல் சத்தம் இனி என் காதில் விழக்கூடாது" என்றார் அரண்மனை வேலைகளை மேற்பார்க்கும் மணியக்காரரிடம்.

சூரப்பர் மகா புத்திசாலி. கூடத்துக்கு இருந்த ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தார். சத்தம் மட்டுமா, மிளகாய் நெடியும் உள்ளேயே தங்கிவிட்டது. இடிக்கிற பெண்களுக்குக் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. தும்மல் முன்பைவிடப் பலமாக வந்தது.

அவர்களில் வாய்த்துடுக்கானவள் வீராயி. நேரே மணியக்காரரிடம் போனாள்.

"ஐயா, ஜன்னலத் தொறந்து விடுங்க. நெடி தாங்கல. ஒருத்தி மயங்கியே விழுந்துட்டா."

"மிளகாய்க்கு எங்கேயாவது தும்மல் வருமா? அது திமிருக்கு வருவது. உங்கள் எல்லோருக்கும் இன்றோடு வேலை இல்லை, போங்கள்."

அந்த உலக்கையை நம்பித்தான் வீராயி வீட்டில் அடுப்பு எரிந்தது. அழுதுகொண்டே குழந்தையப்பனிடம் ஓடினாள். சபையில் வேடிக்கை பேசியே சம்பளம் வாங்குகிற ஆள் அவன். சம்பளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவான்.

மறுநாள் சபையில் எழுந்து நின்றான். "மகாராஜா, சகுனத்தைக் கெடுத்தது பெரிய குற்றம். அது நடந்த இடத்திலேயே விசாரித்துவிடலாமே."

ராஜா சம்மதித்தார். மிளகாய்க் கூடத்தில் ஆசனம் போட்டார்கள். பக்கத்தில் சூரப்பர் விறைப்பாக நின்றார். பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எப்படி இடித்தோம் என்று காட்டுவதற்காக இடிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் வெளியே போகக்கூடாது என்பது மணியக்காரர் உத்தரவாயிற்றே, குழந்தையப்பன் கதவைச் சாத்தினான்.

பிறகு ராஜாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லத் தொடங்கினான். பட்டம் கேட்பதென்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. முகம் சிவந்தது, மூக்கு துடித்தது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிப் பட்டத்தில் வெடித்தது தும்மல்.

குழந்தையப்பன் பதறிப்போனவனாகத் திரும்பினான். "மணியக்காரரே, மகாராஜாவுக்குமா திமிர்?"

சூரப்பர் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போதும், மீதியை வெளியே வைத்துக்கொள்ளலாம்" என்று ராஜா எழுந்தார். சூரப்பரின் மூக்கு அந்த நேரம் பார்த்துக் கையை மீறியது. தலைப்பாகை உரலுக்குள் போய் விழுந்தது.

குழந்தையப்பன் கதவை மறித்துக் கைகட்டி நின்றான். "ஒற்றைத் தும்மல், மகாராஜா. உட்கார வேண்டும்."

ராஜா உட்கார்ந்தார். வீராயி பணிவாகத் தண்ணீர் நீட்டினாள். குடித்தார், எழுந்தார். சூரப்பர் தும்மினார். மறுபடி உட்கார்ந்தார், குடித்தார், எழுந்தார். சூரப்பர் மறுபடியும் தும்மினார்.

"வழியை விடப்பா" என்றார் ராஜா, கண்ணீர் வழிய.

"சகுனம், மகாராஜா."

"சகுனமாவது மண்ணாங்கட்டியாவது. மிளகாய் இடித்தால் எவனுக்கும் தும்மல் வரும்."

"அப்படியானால் இவர்கள் வேலை?"

"இருக்கிறது, இருக்கிறது."

"ஜன்னல்?"

"இரண்டாக வை. முதலில் அந்தக் கதவைத் திற."

கதவு திறந்தது. ராஜா பாய்ந்தார், பெண்களும் பின்னால் பாய்ந்தார்கள். கடைசியாக வந்த குழந்தையப்பன் கதவை மறுபடி சாத்தித் தாழ் போட்டான்.

வெளிக்காற்று பட்டதும்தான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழந்தையப்பனுக்குப் போட்டார். உள்ளே தடார் தடார் என்று இடிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னுமா மிளகாய் இடிக்கிறார்கள்?"

"இல்லை, மகாராஜா. மணியக்காரர் உலக்கையால் சுவரை இடிக்கிறார். கொத்தனார் வரும்வரை பொறுக்க முடியவில்லையாம்."