ஓட்டில் யார் பெயர்?

இது அந்தக் காலத்துக் கதை இல்லை. மின்விசிறி வந்த பிறகு நடந்தது.

சேந்தன்குன்றில் ஒரு கலாசாலை இருந்தது. பெரிய ஓட்டுக் கூடம் ஒன்றுதான் அதன் வகுப்பறை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிப்பார்கள். முதல் நாள் எங்கே உட்கார்ந்தார்களோ, படிப்பு முடியும்வரை அதுதான் இடம். மாறக்கூடாது. அம்பலவாணர் என்று ஒரு பெரியவர் அங்கே ஆசான். எல்லோருக்கும் அவர் ஐயா.

அங்கேயே படித்து, படிப்பு முடிந்தும் போகாமல் ஐயாவோடு தங்கிவிட்ட சீடர் கோதண்டம். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதி, கலாசாலைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவது அவர் வேலை.

பழைய மாணவர்கள் கொடுக்காமல் இல்லை. மணி வந்தது, பெயரோடு. தண்ணீர்த் தொட்டி வந்தது. அதில் கொடுத்தவர் பெயர், மனைவி பெயர், மூன்று பிள்ளைகள் பெயர், நாலாவது பிறந்தால் எழுதக் கொஞ்சம் இடம். அரிசி ஆலை வைத்திருக்கும் மாசிலாமணி ஒரு மின்விசிறி கொடுத்து, மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதச் சொன்னார். விசிறி ஓடும்போது பெயர் தெரியாது. அதனால் அவர் வரும் நாளில் மட்டும் அதை நிறுத்திவைப்பார்கள். அவர் வருவது சித்திரையில்தான்.

ஓடு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கூடம் ஒழுகிக்கொண்டிருந்தது.

கட்டடம் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். ஐப்பசி முடிவதற்குள் மறுபடி வருவேன், அன்றைக்கு ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் கூடத்தைப் பூட்டி நாற்பது பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோதண்டம் உருகி உருகி எழுதினார். மாசிலாமணியிடமிருந்து பதில் வந்தது. ஓட்டில் பெயர் எழுதினால் யார் படிப்பார்கள், காக்கையா? வேண்டுமானால் இன்னொரு விசிறி அனுப்புகிறேன்.

கோதண்டம் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனார். ஐயா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மனசு இளகும்படி எப்படிக் கேட்பது?"

"கேட்காதே. சாப்பிடக் கூப்பிடு."

"சாப்பிடவா?"

"சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாடம். அவரவர் பழைய இடத்தில்."

ஐப்பசி முதல் ஞாயிறு. முப்பது பேர் வந்தார்கள். உட்காருவதற்குள் பாதிப் பேருக்கு முழங்கால் பேசிவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி பூவராகனை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கோதண்டம் உட்காரவில்லை. அவருக்குச் சாம்பார் கவலை, சமையல்கட்டில் நின்றார்.

ஐயா பாடத்தைத் தொடங்கினார். மழையும் தொடங்கியது.

முதல் சொட்டு நீதிபதியின் வழுக்கையில் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது கண்ணில் விழுந்தது. மெல்ல நகர்ந்தார்.

"பூவராகா, இடம் மாறலாமா?"

"மாறக்கூடாதுங்க ஐயா" என்று நீதிபதி பழைய இடத்துக்கே வந்து நனைந்தார்.

மாசிலாமணி இருந்த இடம் காய்ந்திருந்தது. அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் ஒழுகல், அன்றைக்கு நிறுத்த மறந்து ஓடிக்கொண்டிருந்த விசிறியைக் கண்டுபிடித்துவிட்டது. விசிறி அதை வாங்கி எல்லோருக்கும் சமமாகத் தெளித்தது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள். நிறுத்தியதும் மூன்று பெயரும் தெளிவாகத் தெரிந்தன. மூன்றும் மாசிலாமணியின் மடியில் சொட்டின.

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார். "ஐயா, பிள்ளைகள் இதில் எப்படிப் படிக்கிறார்கள்?"

"நனைந்துகொண்டு" என்று சொல்லிவிட்டு ஐயா பாடத்தைத் தொடர்ந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் யாரும் நன்கொடை பற்றிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஓட்டு வண்டிகள் வந்தன. அவரவர் ஆள் கூட்டிவந்து அவரவர் இடத்துக்கு மேலே பழைய ஓட்டைப் பிரித்துப் புது ஓடு மேய்ந்தார்கள். வராதவர்களும் கேள்விப்பட்டு ஓடிவந்தார்கள். ஒரே இடத்தில் வெவ்வேறு வருஷம் உட்கார்ந்த இரண்டு பேர், அது என் இடம், நான்தான் மேய்வேன் என்று சண்டைகூடப் போட்டார்கள். பெயரை எங்கே எழுதுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதிகாரி நல்ல மழையில் வந்தார். கோதண்டம் காபி சொல்லப் போயிருந்த நேரத்தில் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு தாளில் குறித்துவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்றாம் வரிசை, ஏழாம் இடம் ஒழுகுகிறது. நாளை மாலைவரை அவகாசம்.

அந்தக் கலாசாலையில் இடங்களுக்கு எண் போட்டு யாருக்கும் பழக்கமில்லை. கோதண்டத்துக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். ஊரே கூடி முடித்த வேலையை ஒரே ஒருவன் கெடுத்துவிட்டானே என்று உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். ஐயாவிடம் கொண்டுபோய் வாசித்தார்.

"மூன்று வருஷம் இந்தக் கூடத்தின் நிழலில் இருந்தாய். அதற்கு ஓர் ஓடு வைக்க உனக்கு மனம் வரவில்லை. உனக்கு வெட்கமாக இல்லையா?"

"நன்றாக வந்திருக்கிறது" என்றார் ஐயா. "கடைசி வரியை இன்னொரு தடவை படி."

படித்தார்.

"யார் இடம் ஐயா அது? முகவரி சொல்லுங்கள், இன்றே அனுப்பிவிடுகிறேன்."

"அங்கே போய் உட்கார்ந்து பார். தூணில் பெயரைக் கீறி வைத்திருக்கிறான்."

கோதண்டம் வேகமாகப் போனார். மூன்றாம் வரிசையில் எண்ணத் தொடங்கினார். ஐந்து, ஆறு என்று வரும்போது நடை மெதுவானது.

தூணோரம் அது. அங்கிருந்து பார்த்தால் ஐயாவின் முகம் தெரியாது. ஐயாவுக்கும் அங்கே இருப்பவன் முகம் தெரியாது. தூங்குவதற்கென்றே தேடிப் பிடித்த இடம். வேறு யாரும் அதை விரும்பியதில்லை. கோதண்டம் உட்கார்ந்தார். தூணில், தோள் உயரத்தில், காம்பஸ் முள்ளால் கீறிய எழுத்து அப்படியே இருந்தது.

மேலேயிருந்து ஒரு சொட்டு கடிதத்தின் கடைசி வரியில் விழுந்தது. மை பரவியது.

ஐயா வந்து தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஐயா, நான் எங்கேயும் போகவே இல்லையே. இங்கேயேதானே இருக்கிறேன்."

"நல்லதாய்ப் போயிற்று" என்றார் ஐயா. "தபால்தலை மிச்சம். ஏணி கிணற்றடியில் இருக்கிறது."