சனிக்கிழமை பன்னிரண்டு பத்து வண்டி

நாகர்கோவிலிலிருந்து திருச்சிக்கு பஸ் விடும் ஒரு கம்பெனியின் இணையதளத்துக்குள்ளே, ஒரு காலத்தில் பயணச் சீட்டும், அதைத் திரையில் காட்டும் பக்கமும் அண்ணன் தங்கச்சியாகக் குடியிருந்தார்கள்.

சீட்டு உள்ளறையில் இருக்கும். எந்த வண்டி, எந்த இருக்கை, எப்போது புறப்பாடு, எல்லாம் அதன் மடியில். பக்கம் வாசலில் நிற்கும். யாராவது போனைத் தொட்டால் போதும், பொட்டு வைத்துப் பூ முடித்து, அண்ணன் சொன்னதைக் காட்டும்.

காட்டுவதோடு விட்டார்களா? தேதியைப் பிரிக்கிறதும் அதுதான், ஜன்னலோரமா என்று பார்க்கிறதும் அதுதான். ‘இப்படி இருந்தால் அப்படிச் சொல், அப்படி இருந்தால் இப்படிச் சொல்’ என்று முந்தானை முழுக்க முடிச்சு.

ஒருநாள் காலையில் மரியபுஷ்பம் என்ற பயணி கம்பெனிக்கு போன் போட்டு ஒரு பிடி பிடித்தார்.

“எப்பா, சனிக்கிழமை பன்னிரண்டு பத்துன்னு போட்டிருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுப் பெட்டியோட வந்து நிக்கேன், வண்டி முந்தின ராத்திரியே போயாச்சாம்லா! தம்பி மவ கல்யாணத்தை போட்டோவுலதான் பாத்தேன். வார ஞாயித்துக்கிழமை மறுவீடு. அதுக்கும் போகலன்னா தம்பி என் மூஞ்சில முழிப்பானா?”

முதலாளி அருளப்பன், இணையதளத்துக்கு நிரல் எழுதும் ஷகிலாவைக் கூப்பிட்டார். “ஏம்மா, அந்தக்கா அதே வண்டிக்குத்தான் மறுபடியும் சீட்டு போடுறாங்க. இந்த வாட்டியும் விட்டுட்டாங்கன்னா, அந்தப் பக்கத்தையே தூக்கி எறிஞ்சிடு.”

வாசலில் நின்ற பக்கம் அதைக் கேட்டது. உள்ளே ஓடியது.

“அண்ணே, வெள்ளிக்கிழமைன்னு சொல்லிடேன்.”

“நடுராத்திரி தாண்டினா சனிக்கிழமை, தங்கச்சி. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“பொய்யா? படுக்கப் போறவரைக்கும் ஜனங்களுக்கு அது வெள்ளிக்கிழமைதானே!”

தங்கச்சி கண் கலங்கினால் அண்ணனுக்குத் தாங்குமா? சீட்டு தன் நாளை வெள்ளி என்று மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான், டிரைவர்கள் பார்க்கும் பலகை அடுத்த அறையிலிருந்து கத்தியது.

“வெள்ளி பிறந்த பத்தாவது நிமிஷமா? அப்போ வியாழக்கிழமை ராத்திரியே எடுக்கணுமே! காத்தையா ஏத்திட்டுப் போகச் சொல்றீங்க?”

சீட்டு அலறியடித்துக்கொண்டு சனிக்கே திரும்பியது. பக்கம் மூலையில் உட்கார்ந்துவிட்டது.

ஷகிலா நெற்றியைத் தேய்த்தாள். பிறகு சிரித்தாள். உள்ளறைக்கும் வாசலுக்கும் நடுவில் புதிதாக ஒருத்தியை உண்டாக்கி நிறுத்தினாள். பெயர் எடுத்துச்சொல்லி.

“இவ எதுக்கு? என்னை அனுப்பிட்டு இவளை வைக்கப் போறாங்களா?” என்றது பக்கம்.

“ஐயோ, பொட்டு வைக்கவே எனக்குத் தெரியாது அக்கா” என்றாள் எடுத்துச்சொல்லி. “அந்த முடிச்சையெல்லாம் அவிழ்த்து இங்க குடுங்க. அண்ணே, நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. டிரைவருக்கு எப்படிச் சொல்லணும், அந்தம்மாவுக்கு எப்படிச் சொல்லணும்கிறது என் பாடு.”

பக்கம் அரை மனசோடு ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தது. அந்நேரம் மரியபுஷ்பம் போனைத் தொட்டார்.

“சனி. பன்னிரண்டு பத்து” என்றது சீட்டு, வழக்கம்போல.

எடுத்துச்சொல்லி அதை வாங்கி, பலகைக்கு அப்படியே அனுப்பினாள். பக்கத்தின் காதில் மட்டும் வேறு மாதிரி ஓதினாள். பக்கம் பெரிய எழுத்தில் காட்டியது: ‘வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் கிளம்புங்க. பன்னிரண்டு பத்துக்கு வண்டி. விடிஞ்சா சனிக்கிழமை, திருச்சி.’

சனிக்கிழமை காலையில் திருச்சி பஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. “எப்பா, வந்து சேந்துட்டேன். தம்பி கூட்டிட்டுப் போக வந்து நிக்கான். இப்பதாம்லா மனுசர் பேசுத மாதிரி எழுதியிருக்கீங்க!”

“பக்கம் பிரமாதம்மா” என்றார் அருளப்பன், ஷகிலாவிடம்.

பக்கம் கூச்சத்தோடு எடுத்துச்சொல்லியைப் பார்த்தது. “பேரெல்லாம் எனக்கே வருதேடி.”

“வரட்டும்க்கா. வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாருங்க.”

பக்கம் திரும்பியது. இத்தனை நாள் வாசலிலேயே நின்றும், முந்தானை முடிச்சிலேயே கண்ணாக இருந்ததால், வருகிறவர்களின் முகத்தை அது அன்றைக்குத்தான் பார்த்தது.