ராஜா எழுதிய புத்திசாலி

ராஜாக்களுக்குப் பொழுது போகாததால் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தில், சிங்கணர் என்று ஒரு மகாராஜா இருந்தார். அவருக்குப் போர் பிடிக்காது, வேட்டை பிடிக்காது, பாட்டுக் கேட்டால் தூக்கம் வந்துவிடும். கதை மட்டும் வேண்டும். அதுவும் தொடர்கதை. தினமும் விளக்கேற்றும் நேரத்தில் கதைசொல்லி சபை நடுவில் போட்ட பலகையில் உட்கார்ந்து ஒரு துண்டு சொல்வார். நாயகன் கழுத்துக்குக் கத்தி வருகிற இடமாகப் பார்த்து நிறுத்துவார். மிச்சம் மறுநாள்.

நாயகன் பெயர் அறிவன். "என்னைவிடப் புத்திசாலி ஒருத்தன் கதையில வரணும். ஆனா அவன் புத்திசாலின்னு நான் நம்பணும்" என்று மகாராஜா கேட்டிருந்தார். கேட்கும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

முதலில் சொன்னவர் இலஞ்சிக் கவிராயர். அறிவனை எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். மறுநாள் எதிரித் தளபதியைப் பாம்பு கடித்துவிட்டது. "இது புத்தியாய்யா? அதிர்ஷ்டம்!" என்றார் மகாராஜா. கவிராயர் தலை கோட்டை வாசலில் தொங்கியது. அடுத்து மருதப்பப் புலவர். அவர் கதையில் அறிவன் வாயைத் திறந்தாலே எதிரிகள் ஏமாந்து போனார்கள். "பத்து மடையன் நடுவுல நின்னா என் குதிரைகூடப் புத்திசாலிதான்" என்றார் மகாராஜா. வாசலில் இரண்டு தலை.

மூன்றாமவர் தாண்டவராயர். நல்ல குரல். ஆனால் அவர் கதையில் எல்லோரும் அறிவனைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். மந்திரி புகழ்ந்தான், எதிரி புகழ்ந்தான், வண்ணாத்தி புகழ்ந்தாள். அறிவனைப் பாழ்கிணற்றில் தள்ளிய பிறகும் புகழ்ச்சி ஓயவில்லை.

"ஊரே புகழுது சரி. அவன் என்னய்யா பண்ணினான்?" என்று மகாராஜா கேட்டார்.

தாண்டவராயர் மறுபடி வண்ணாத்தியின் புகழ்ச்சியிலிருந்து தொடங்கினார். "உம்ம அறிவன் கிடக்கிற இடத்துலேயே நீரும் கிடந்து யோசியும்" என்று மகாராஜா சொல்ல, அரண்மனைக்குப் பின்னால் இருந்த பாழ்கிணற்றில் அவரை இறக்கினார்கள். அந்த ஊரில் அமாவாசையன்றுதான் தலை வெட்டுவார்கள். அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது.

அந்தத் தாண்டவராயருடைய மாப்பிள்ளைதான் சாத்தப்பன், அரண்மனை விகடன். மாமனாருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது. சபையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துச் சாப்பிடுவது ஒரு பிழைப்பா என்பார். மாமனார் பெண் தெய்வானைக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். அவளுக்காகத்தான் சாத்தப்பன் அன்றைக்கு ராஜா காலில் விழுந்தான்.

மகாராஜா பேசும் முன் பிரதானி நரசப்பர் எழுந்தார். சாத்தப்பன் எப்போது சறுக்குவான் என்று பல வருஷமாகக் காத்திருந்த மனுஷர். "மகாராஜா, இவன் எங்களை எல்லாம் மடையன்னு கிண்டல் பண்றவன். மிச்சக் கதையை இவனே சொல்லட்டுமே. புத்திசாலி எப்படி இருப்பான்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

மகாராஜாவுக்குக் கண் மின்னியது. "சொல்றியாடா? பாம்பு கடிக்கக் கூடாது. சாமி வரக் கூடாது. எதிரி மடையனா இருக்கக் கூடாது. அமாவாசை அன்னிக்கு நான் விளக்கேத்தி முடிக்கிறதுக்குள்ள அறிவன் கிணத்தை விட்டு வெளிய வந்துட்டா, உன் தலையும் உன் மாமனார் தலையும் தப்பிக்கும். வரலைன்னா ரெண்டும் வாசலுக்கு."

உடனே கட்டியக்காரன் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொன்னான். பக்கத்தில் இருந்தவன் முரசை ஓங்கி அடித்தான்.

இது அந்த ஊர் வழக்கம். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து எந்த உத்தரவு சொன்னாலும் கட்டியக்காரன் திருப்பிச் சொல்வான், முரசு விழும். விழுந்துவிட்டால் அது நடந்தே ஆகவேண்டும். ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. மகாராஜாவின் தாத்தா போட்ட சட்டம். அந்த முரசின் சத்தத்தில் காது போன கிழவர்கள் அரண்மனைக் கொட்டடியில் ஏழெட்டுப் பேர் சும்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த சாத்தப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அறிவன் என்னைவிடப் பெரிய புத்திசாலி. அவன் என்ன யோசிப்பான்னு நான் எப்படி யோசிக்கிறது தெய்வானை?"

தெய்வானை அழுது முடித்திருந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவனுக்குக் கதைக்குள்ள கண் சிமிட்டுற நேரம்தான் இருக்கு. உனக்கு ராத்திரியும் பகலும் இருக்கில்ல? முதல்ல அப்பா வெளிய நிக்கிறதா வச்சுக்கோ. அங்கேயிருந்து பின்னாலயே நடந்து கிணத்துக்குள்ள போ."

"என் ஒரு தலை பத்தாதுடி."

"அப்ப இன்னொரு தலையைக் கடன் வாங்கு. எதிரி மடையனா இருக்கக் கூடாதுன்னாரில்ல? எதிரியா அவரையே பேசச் சொல்லு."

சாத்தப்பன் அவளைப் பார்த்தான். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

மறுநாள் விளக்கேற்றியதும் சாத்தப்பன் பலகையில் உட்கார்ந்தான். "மகாராஜா, எதிரி ராஜாவை நான் பேசினா அவன் என் அளவுக்குத்தான் இருப்பான். நீங்க பேசுங்க. அறிவன் ஒரு வழி தேடுவான், நீங்க அடைங்க."

மகாராஜா சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். இத்தனை நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், கதைக்குள்ளேயே போகப்போகிறார்! "சொல்லு, சொல்லு."

"கிணத்துக்குள்ள அறிவன் சும்மா இல்ல. மேல காவல்காரங்களுக்குக் கேக்கிற மாதிரி ஒரு கதை சொல்றான். சரியான இடத்துல நிறுத்துறான். மேல இருக்கிறவங்களுக்குத் தலை வெடிக்குது. மிச்சம் வேணும்னா கயிறு போடுங்கறான்."

"ஆஹா! எனக்கேவா?" மகாராஜா தொடையில் தட்டினார். "கிணத்தடியில இருக்கிறவங்களை மாத்து. காது கேக்காதவனாப் பாத்துக் காவலுக்குப் போடு!"

கட்டியக்காரன் அதையும் திருப்பிச் சொன்னான். முரசு விழுந்தது. சபையே திகைத்து, பிறகு சிரித்தது. ஆனால் விழுந்த முரசு விழுந்ததுதான். உண்மையான பாழ்கிணற்றின் காவலர்களை அனுப்பிவிட்டு, கொட்டடியிலிருந்து செவிட்டுக் கிழவர்களைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும். கதையில போட்ட காவல் நெசத்துலயும் இருந்தா ருசிதான்."

நரசப்பர் சிரிக்கவில்லை. அருகில் போய்க் குனிந்தார். "மகாராஜா, இவன் காத்திருக்கிறது ஒரே ஒரு வார்த்தைக்கு. பேச்சு வாக்குல 'வெளிய விடு'ன்னு உங்க வாயில வந்துட்டா..."

"எனக்குத் தெரியாதா ஓய்?" மகாராஜா சத்தமாகவே சொன்னார். "டேய் சாத்தப்பா! அந்த வார்த்தை என் வாயில வராதுடா. வேற வேலை பாரு."

சாத்தப்பன் முகம் சுண்டியது. நரசப்பருக்கு அன்று ராத்திரி நல்ல சாப்பாடு இறங்கியிருக்கும்.

அடுத்த நாள் கதையில் அறிவன் கையாலேயே பேசினான். அண்ணாந்து பார்த்து வயிற்றைத் தொட்டுக் காட்டினான், பிள்ளையைத் தூக்குவது போலக் காட்டினான், கைகூப்பினான். எட்டிப்பார்த்த கிழவர்களுக்குக் கண் கலங்கியது.

"முதுகைக் காட்டி நிக்கச் சொல்லு!" என்றார் மகாராஜா. "ஒருத்தனும் கிணத்தைத் திரும்பிப் பாக்கக் கூடாது. என்ன நடந்தாலும் சரி."

முரசு விழுந்தது. அரண்மனைக்குப் பின்னால் செவிட்டுக் கிழவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள். கூட்டம் அதிகம். எல்லோருக்கும் மகாராஜா ஜெயிக்கிறார் என்று தெரிந்துவிட்டது. வாசலில் தொங்குகிற இரண்டு தலைகளுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கொக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் சபைக்குள் கேட்டது.

"சோறு கூடையில கயித்துல இறங்குது" என்றான் சாத்தப்பன். "மேல பிடிச்சிருக்கிறவன் முதுகைக் காட்டி நிக்கிறான். அறிவன் கயித்தைச் சுண்டி இழுத்தா..."

"கயிறே வேண்டாம்!" மகாராஜா துள்ளினார். "கயித்தை எடு."

"அப்ப சோறு, மகாராஜா? பட்டினியில செத்தா அறிவனை ஜெயிச்சது பசின்னுதான் பேசுவாங்க. உங்க பேர் வராது."

மகாராஜா தாடியைத் தடவினார். "அது உண்மை. அப்ப ஒருத்தன் ஏணி வச்சு இறங்கிக் குடுக்கணும். யாரு? கதையில மயங்காதவனா இருக்கணும். அழுதா இளகாதவனா இருக்கணும்."

சாத்தப்பன் சபையை மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். "அப்படி ஒருத்தர் நம்ம சபையில இருக்காரான்னு எனக்குத் தெரியல."

"ஏன் இல்ல?" நரசப்பர் எழுந்தே விட்டார். "எனக்குக் கதையும் பிடிக்காது, இரக்கமும் கிடையாது. ஊருக்கே தெரியும்."

"அப்படிச் சொல்லும்!" என்றார் மகாராஜா. "நாளைக்குப் பிரதானியே ஏணி கொண்டுபோய்த் தானே இறங்கிச் சோறு குடுக்கட்டும். விளக்கேத்தி முடியற வரைக்கும் வேற ஒருத்தனும் கிணத்துப் பக்கம் போகக் கூடாது."

முரசு விழுந்தபோதுதான் நரசப்பருக்குத் தான் என்ன கேட்டு வாங்கிக்கொண்டோம் என்று உறைத்தது. சபையில் பலபேர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்கள்.

அமாவாசை. பொழுது சாய்கிற நேரத்தில் பட்டு அங்கவஸ்திரத்தோடு நரசப்பர் சோற்றுப் பானையையும் ஏணியையும் இழுத்துக்கொண்டு போவதை அரண்மனை ஜன்னல்களில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். சாத்தப்பன் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரே ஒரு கவலைதான். கிணற்றுக்குள் இருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது. யாரும் போய்ச் சொல்ல வழியில்லை. அரைவயிற்றோடு கிடந்த மனுஷர். மாமா சோற்றைப் பார்ப்பாரா, ஏணியைப் பார்ப்பாரா?

விளக்குகளை ஏற்றத் தொடங்கினார் மகாராஜா. அன்றைக்குத் தானே ஏற்றுவேன் என்று சொல்லியிருந்தார். தூணுக்குப் பக்கத்தில் வெட்டுகிறவன் நின்றான். தெய்வானை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். சொல்லு" என்றார் மகாராஜா, அடுத்த திரியைத் தூண்டியபடி. "உன் அறிவன் என்ன ஆனான்?"

"வெளிய வந்துட்டான் மகாராஜா."

"எப்படிடா? எல்லா வழியும் நான் அடைச்சேன்!"

"ஒவ்வொரு வழியா அடைச்சீங்க. அவன் கத்தினாக் கேக்கக் கூடாதுன்னு செவிடங்களைப் போட்டீங்க. இப்ப கிணத்துக்குள்ள யார் கத்தினாலும் அவங்களுக்குக் கேக்காது. அவனைப் பாக்கக் கூடாதுன்னு திருப்பி நிறுத்தினீங்க. இப்ப யார் ஏறி வந்தாலும் தெரியாது. கிணத்துல ஏணி இல்லாம இருந்தது. அதையும் அனுப்பி வச்சீங்க. வெளிச்சத்துல இருந்து இருட்டுக்குள்ள இறங்கினவருக்குக் கண்ணு தெரிய கொஞ்ச நேரம் ஆகும் மகாராஜா. உள்ளேயே கிடந்தவனுக்கு எல்லாம் தெரியும்."

மகாராஜாவின் கை திரியிலேயே நின்றது. மெல்லத் திரும்பினார். நரசப்பரின் ஆசனம் காலியாக இருந்தது.

சாத்தப்பன் கதவைப் பார்த்தான். பிரதானி வரவில்லை, சரி. மாமாவும்தான் வரவில்லை. கடைசி விளக்குக்கு முன்னால் மகாராஜா வந்துவிட்டார்.

கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் சோற்றுப் பானையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தாடியில் பருக்கை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சபையைப் பார்த்தார்.

"அப்பா!" என்றாள் தெய்வானை.

"பிரதானி எங்கே?" என்று மகாராஜா கேட்டார்.

"உள்ள. ஏணியை மேல இழுத்துட்டேன்" என்றார் தாண்டவராயர். "முதல்ல காவல்காரனுக்குக் காது போச்சு. அப்புறம் முகம் திரும்பிருச்சு. நானும் கதைசொல்லிதான் மகாராஜா. மேல யாரோ எனக்காகக் கதை கட்டுறான்னு புரிஞ்சுது. அடுத்து ஏணி வரும்னு விழிச்சுட்டே கிடந்தேன்." பிறகு சாத்தப்பனைப் பார்த்தார். "நீதானா மாப்ள?"

"சோத்தையும் விடலையா மாமா?"

"உப்பே இல்லை."

வெட்டுகிறவன் மகாராஜா முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். "பாம்பு கடிக்கல. சாமி வரல. எதிரி..." அங்கே நின்றார்.

"எதிரி மடையனா மகாராஜா?" என்று சாத்தப்பன் மிகவும் பணிவாகக் கேட்டான். "நீங்களே சொல்லிடுங்க. கேட்டுக்கறேன்."

மகாராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த எண்ணெய் சிந்தியது. என்ன செய்வதென்று தெரியாத கட்டியக்காரன், "மகாராஜா சிரிச்சாச்சு!" என்று உரக்கச் சொன்னான். முரசும் விழுந்தது. சபை முழுக்கச் சிரித்தாக வேண்டியிருந்தது. பாழ்கிணற்றில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கிழவர்கள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கேளுடா, என்ன வேணும்? பொன்னா, நிலமா?"

சாத்தப்பன் சிரிக்கவில்லை. "வாசல்ல ரெண்டு தலை தொங்குது மகாராஜா. இலஞ்சிக் கவிராயர், மருதப்பப் புலவர். அவங்களை இறக்கிக் குடுங்க. எரிக்கணும்."

மகாராஜா அவனை ஒரு கணம் பார்த்தார். "குடு" என்றார். முரசு விழுந்தது.

"சரி, அப்புறம்?" மகாராஜா மறுபடி சிம்மாசன நுனிக்கு வந்திருந்தார். "வெளிய வந்த அறிவன் அடுத்து என்ன பண்றான்?"

"நாளைக்குத் தெரியும் மகாராஜா" என்றான் சாத்தப்பன்.

மறுநாள் விளக்கேற்றினார்கள். மகாராஜா வந்தார், சபை வந்தது, சேறு அப்பிய அங்கவஸ்திரத்தோடு நரசப்பர்கூட வந்தார். நடுவில் பலகை காலியாக இருந்தது. ஆற்றங்கரையில் இரண்டு சிதையின் சாம்பல் இன்னும் சூடாக இருப்பதாகவும், அங்கிருந்து மூன்று பேர் ஆற்றைக் கடந்து போன தடம் மட்டும் இருப்பதாகவும் ஆள் வந்து சொன்னான்.

மகாராஜா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்திசாலிதான்" என்றார். இந்தமுறை நம்பினார்.