கோழி தண்ணீருக்குள் கூளம் தள்ளிய கதை

எல்லா உயிர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மேற்கே மலை தெரியும் ஒரு மேட்டுக்காட்டில் ஒரு வீடு இருந்தது. பொன்னுரங்கனும் அவன் மனைவி வேலாத்தாளும் அந்த வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களோடு செவலை என்ற குதிரையும், சாம்பி என்ற சாம்பல் நிறக் கோழியும், சாம்பியின் குஞ்சுகளும் இருந்தன.

பேச்சு எல்லோருக்கும் பொதுதான். ஆனாலும் கோழி பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. ஏனென்றால் கோழி ஓயாமல் பேசும். முட்டையிட்டால் அதற்கு ஒரு கூப்பாடு. பருந்தின் நிழல் தெரிந்தால் ஒரு கூப்பாடு. பருந்து போய்விட்டால், போய்விட்டது என்று இன்னொரு கூப்பாடு. "அவ கெடக்கறா, விடு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

கோழி தண்ணீர் குடிக்கும் விதமும் அப்போது வேறாக இருந்தது. ஆடு மாட்டைப் போல அதுவும் தலை குனிந்தால், வயிறு நிறையும்வரை நிமிராது.

அந்த ஆண்டு கோடை மிகவும் கொடியதாக வந்தது. கிணற்றின் அடிமண் வெடித்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆறு வெகு தூரம். பொன்னுரங்கன் விடியும் முன்பே செவலையின் முதுகில் இரண்டு தோல் பைகளைத் தொங்கவிட்டு, ஓட்டிக்கொண்டு கிளம்புவான். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். செவலை கொண்டு வரும் தண்ணீரில்தான் அந்த வீட்டில் சோறு பொங்கும். குஞ்சுகளின் தொண்டை நனைவதும் அதில்தான். செவலை இல்லையென்றால் அந்த வீட்டில் உயிர் இல்லை.

அந்த மேட்டுக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் சுமந்து வந்தவருக்கே முதல் குடி. சுமந்து வந்தது மனிதரோ மிருகமோ, கல்தொட்டி நிறையத் தண்ணீரை ஊற்றி, முதலில் அவரைக் குடிக்க விடவேண்டும். அவர் வயிறு நிறைந்து, தானாகத் தலையை எடுக்கும்வரை வேறு யாரும் தொட்டியைத் தொடக் கூடாது. முதல் குடியைக் கெடுப்பவருக்கு அந்த வீட்டில் இடமில்லை. சுமந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று எல்லோரும் அதைப் பெருமையாகக் கடைப்பிடித்தார்கள்.

பக்கத்துக் காட்டில் மாரக்காள் என்பவள் வீட்டில் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. ஒரு நாள் அது உச்சி வெயிலில் தண்ணீர் சுமந்து வந்தது. முதல் குடியாகத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் உறிஞ்சியது. பொழுது சாய்வதற்குள் வயிறு இழுத்துப் பிடித்து, தரையில் புரண்டு புரண்டு செத்துப்போனது.

"கண்ணு பட்டுப்போச்சு" என்றாள் மாரக்காள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

குதிரைத் தீனியிலிருந்து சிந்திய கொள்ளு மணிகளைப் பொறுக்குவதற்காக அன்றைக்குச் சாம்பி அங்கே போயிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. ஓடோடி வந்து வேலாத்தாளிடம் சொன்னது.

"அக்கா, கண்ணுமில்லை, மண்ணுமில்லை. ஒடம்பு கொதிக்கறப்ப ஒரே மூச்சில குடிச்சதுதான் அதைக் கொன்னது. நம்ம செவலைக்கும் தொட்டி நிறைய ஊத்தாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க."

வேலாத்தாள் புளியை உடைத்துக்கொண்டே சிரித்தாள். "அரைத் தொட்டி ஊத்துனா மிச்சம் உன்ற குஞ்சுகளுக்குன்னு கணக்குப் போட்டியாக்கும்? வெவரமானவதான் நீ!"

சாம்பி செவலையிடம் போனது. செவலை கொட்டகையில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அண்ணா, நாளைக்கு வந்ததும் கொஞ்சம் நின்னு, மூச்சு வாங்கிட்டுக் குடிங்க."

"அம்மிணி, ஆத்துக்குப் போய்ச் சுமந்துட்டு வாறது நானு. நீ போறதில்லை" என்றது செவலை. "தாகம் எப்படி இருக்கும்னு உனக்குச் சொன்னாப் புரியாது. போய் முட்டையைப் போடு."

சாம்பி அதன் பிறகும் பேசியது. வழக்கம்போல யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, செவலை திரும்பி வரும் நேரத்தில் வரவில்லை. வெயில் ஏறியது. முற்றத்து மண் காலை வைக்க முடியாதபடி சுட்டது. முந்தைய நாள் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. வேலாத்தாள் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சுண்டுவிரலில் எடுத்து, சுணங்கிக் கிடந்த குஞ்சின் அலகில் தடவினாள்.

குஞ்சுகள் வேப்பமர நிழலில், பஞ்சாரக் கூடைக்குள் இருந்தன. எல்லாம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. இறக்கைகள் தொங்கிப்போயிருந்தன. வெயில் உறைத்தால் எப்போதும் கீச்சிடும் குஞ்சுகள், இப்போது சத்தமே போடவில்லை. சாம்பிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் கண்ணுகளா. மாமன் வந்துரும். தண்ணி வந்துரும்" என்று சாம்பி கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நிழல் காலடிக்குள் சுருங்கிய நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது.

செவலை தள்ளாடிக்கொண்டு வந்தது. கழுத்திலும் விலாவிலும் வியர்வை நுரை நுரையாக வழிந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து சிவந்திருந்தன. வயிறு துருத்திபோல் ஏறி இறங்கியது. அதன் முதுகில் இருந்த பைகளில் ஒன்று காலியாகத் துவண்டு தொங்கியது.

"ஆறு வத்திப்போச்சு புள்ள" என்றான் பொன்னுரங்கன். அவன் உதடு வெடித்திருந்தது. "மணலைத் தோண்டி, ஊறின தண்ணியச் சேந்திச் சேந்தி ஊத்தினேன். ஒரு பைதான் நெறஞ்சுது. தொட்டியில ஊத்து. பாவம், அதோட தாகம் அடங்கட்டும்."

"மாமா, நீங்க?"

"சுமந்தது அது. மொதக் குடி அதுக்கு."

வேலாத்தாள் பையின் வாயை அவிழ்த்துக் கல்தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு, கூடைக்குள் ஒரு குஞ்சு தலையைத் தூக்கிப் பார்த்தது.

சாம்பி செவலையைப் பார்த்தது. அந்த நுரை, அந்தச் சிவந்த மூக்கு, அந்த வயிறு. மாரக்காள் வீட்டு வெள்ளைக் குதிரை கடைசியாக வந்து நின்றது இப்படித்தான்.

"ஊத்தாதீங்க! நிறுத்துங்க அக்கா!"

"சும்மா இரு சாம்பி!"

"அண்ணா, நில்லுங்க! மூச்சு வாங்கிட்டு..."

செவலை மூக்குவரை முகத்தைத் தொட்டிக்குள் விட்டது. ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கு. தொண்டையில் தண்ணீர் உருண்டு இறங்குவது வெளியே தெரிந்தது. தொட்டியில் தண்ணீர் மளமளவென்று இறங்கத் தொடங்கியது.

இனிமேல் பேசிப் பயனில்லை என்று சாம்பிக்குத் தெரிந்துவிட்டது.

தொட்டிக்குப் பின்னால் ஒரு மேடை. செவலைக்காக நறுக்கிய சோளத்தட்டையும் கூளமும் அதன் மேல் குவிந்திருந்தன. சாம்பி இறக்கையை அடித்து அந்தக் குவியலின் மேல் ஏறியது. தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றது. இரண்டு காலாலும் பறபறவென்று பின்னுக்குப் பறித்துத் தள்ளியது.

கூளம் தண்ணீரில் சரிந்து விழுந்தது. தட்டைத் துண்டுகளும் தூசியும் தண்ணீரை முழுக்க மூடிவிட்டன.

செவலை வாய் நிறையக் கூளத்தோடு தலையை உதறியது. தும்மியது. "என்ற தண்ணி! என்ற மொதக் குடி!" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சாம்பியின் மேல் பாய்ந்தது. சாம்பி நகரவில்லை. மீண்டும் ஒருமுறை பறித்தது.

"பிடி அந்தக் கோழிய!" பொன்னுரங்கன் ஓடிவந்து சாம்பியைக் காலோடு பிடித்துத் தலைகீழாகத் தூக்கினான். "நாக்கு வறண்டு வந்து நிக்கற ஜீவனுக்கு மண்ணை அள்ளிப் போடறயே, நீயெல்லாம் ஒரு உசுரா? இனி இந்த வீட்டுல உனக்கு இடமில்லை. சாயங்காலம் சட்டியில ஏறு!"

கற்றாழை நாரால் அதன் கால்களைக் கட்டி, தொட்டியோரம் போட்டான்.

அந்தத் தண்ணீரைக் கொட்டவும் முடியாது. வீட்டில் வேறு தண்ணீர் கிடையாது. செவலை மறுபடியும் தொட்டிக்கு வந்தது. மூக்கால் ஊதிக் கூளத்தை விலக்கியது. விலகிய இடத்தில் வாயை வைப்பதற்குள் கூளம் மறுபடி மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, பல்லிடுக்கின் வழியே வடிகட்டிச் சிறிது உறிஞ்சியது. பிறகு ஊதியது. பிறகு சிறிது உறிஞ்சியது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் சாம்பியைத் திட்டியது.

"அண்ணா, திட்டுங்க. நல்லா நிறுத்தி நிறுத்தித் திட்டுங்க" என்றது சாம்பி, தரையில் கிடந்தபடியே.

திடீரென்று செவலையின் திட்டு பாதியில் நின்றது.

அது தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. முன்னங்காலால் தரையைக் கிளறியது. பின்னங்காலை வயிற்றை நோக்கி உதைத்தது. முனகியது.

வேலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "மாமா... மாரக்கா வீட்டுக் குதிரை இப்படித்தான்..."

செவலையின் முன்னங்கால்கள் மடங்கின.

"படுக்க விடாதீங்க!" சாம்பி கத்தியது. "அது படுத்துத்தான் பொரண்டுது! நடத்துங்க! நிழல்லயே நடத்துங்க!"

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கோழி சொன்னதைக் கேட்டு மனிதர்கள் நடந்தார்கள். பொன்னுரங்கன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். வேலாத்தாள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். செவலை எழுந்து நின்றது. வேப்பமரத்தைச் சுற்றி நடக்க வைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதன் கால் மடங்கப் பார்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் தாங்கிப் பிடித்தார்கள்.

தொட்டியருகே வந்தபோது செவலை நின்றது. கீழே கட்டுண்டு கிடந்த சாம்பியைப் பார்த்தது.

"அம்மிணி, கூளம் விழறதுக்கு முன்னால நான் குடிச்சது ரெண்டே மடக்கு" என்றது. "அதுக்கே இந்தப் பாடு."

சாம்பி கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. செவலையும் அந்தப் பக்கம் பார்த்தது. வாயைப் பிளந்தபடி, தலை சாய்ந்து, குஞ்சுகள் கிடந்தன. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. முதல் குடி முடியவில்லை என்பதால் யாரும் அதைத் தொடவில்லை.

செவலை வலியைப் பொறுத்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தியது. எல்லோரும் பார்க்கும்படி தலையை உயரத் தூக்கியது.

"நான் தலையை எடுத்துட்டேன். என்ற குடி முடிஞ்சுது. குஞ்சுகளுக்குக் குடுங்க."

வேலாத்தாள் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரு குஞ்சு குடித்தது. அடுத்தது குடித்தது. கடைசிக் குஞ்சின் அலகை விரலால் திறந்து விட வேண்டியிருந்தது. அதுவும் விழுங்கியது. சிறிது நேரத்தில் கூடைக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. சாம்பி கண்ணை மூடிக்கொண்டது.

செவலை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது. நிழல் மரத்தடியிலிருந்து கிளம்பி, கொட்டகைச் சுவரில் ஏறத் தொடங்கியது. குளம்புச் சத்தமும் முனகலும்தான் கேட்டன.

பிறகு செவலை நின்றது. வாலைத் தூக்கியது. பொத்துப் பொத்தென்று லத்தி போட்டது.

பொன்னுரங்கன் அந்த லத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான். கோயில் தேர் நிலைக்கு வந்ததைப் பார்ப்பதுபோல அவன் முகம் மலர்ந்தது. "வயிறு விட்டுருச்சு புள்ள! பொழச்சுக்கிச்சு!" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது. எழுந்து போய்ச் சாம்பியின் கால்கட்டை அவிழ்த்தான். நார் அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"சட்டி அடுப்புல ஏறியாச்சா?" என்று கேட்டது சாம்பி.

"ஏறாது. இனிமேல் நீ பேசினா..." பொன்னுரங்கன் தலை குனிந்தான். "கேட்டுக்கறேன், அம்மிணி."

மறுநாளும் ஆற்று மணலில் ஊறிய தண்ணீரோடு செவலை வந்தது. தொட்டியில் ஊற்றியதும், பொன்னுரங்கனே ஒரு பிடி கூளத்தை எடுத்து அதன்மேல் தூவினான். முதல் குடி என்னும் மரியாதை போகவில்லை. கூளமும் அதோடு சேர்ந்துகொண்டது.

சாம்பி தொட்டி விளிம்பில் ஏறி நின்றது. "அண்ணா, என்னைப் பாருங்க. ஒரு மடக்கு. தலையைத் தூக்கணும். மூச்சு விடணும். அப்புறம் அடுத்த மடக்கு" என்று சொல்லி, செவலையின் சம்மதத்தோடு தானே குடித்துக் காட்டியது. தலையைத் தூக்கும்போதெல்லாம், செவலை அவசரப்படுகிறதா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டது.

உச்சிவேளையில் செவலை கொட்டகையில் படுக்கவில்லை. நின்றுகொண்டே கண்ணை மூடியது. அதன் வயிற்றுக்கு அடியில் விழுந்த நிழலில் குஞ்சுகள் சுருண்டு தூங்கின.

பிறகு ஒரு காலம் வந்தது. உயிர்களுக்குள் இருந்த பொதுப் பேச்சு போய்விட்டது. கோழி சொல்வது குதிரைக்குப் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. ஆனாலும் கோழி சொல்வதை நிறுத்தவில்லை.

நீங்கள் கோடையில் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கோழிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஒரு வாய் குடிக்கும், தலையைத் தூக்கி ஒரு கண்ணால் பார்க்கும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் குப்பையைப் பறித்துக் கிண்ணம் முழுக்கக் கூளமாக்கிவிடும். அதைத் திட்டாதீர்கள். அன்று அந்த மேட்டுக்காட்டுத் தொட்டியில் தொடங்கிய பழக்கம் அது. வெயிலில் ஓடிவந்த ஒரு குதிரை பக்கத்தில் எங்காவது நிற்கிறதோ என்று கோழிக்கு இன்னும் சந்தேகம்.