மரமில்லாத நாற்பது சென்ட்

ஆகஸ்ட் 4, காலை ஒன்பது நாற்பது. 2,400 மரக்கன்றுகள் லாரியில் நின்றன. அவற்றை நட இடம் காட்டியவர் ஆரோக்கியநாதன். ஆலஞ்சேரி நகராட்சி வரைவாளர், வயது ஐம்பத்து நான்கு.

இடம், சர்வே எண் 212. இருளர் குடியிருப்பை ஒட்டிய நாற்பது சென்ட் வெறும் தரை. அங்கே குறுங்காடு வளர்ப்பதென்றும், ‘இம்மண்ணின் முதல் மக்களான இருளர்களை நகராட்சி நன்றியுடன் வணங்குகிறது’ என்று முகப்பில் பலகை வைப்பதென்றும் அன்று பதினொரு மணிக்கு மன்றம் தீர்மானிக்க இருந்தது. ஜேசிபி ஒன்பதரைக்கே வந்துவிட்டது.

தரையின் நடுவில் எட்டியம்மாள் குந்தியிருந்தார். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர், வயது நாற்பத்தொன்று. நகரின் மரக் கணக்கெடுப்புக்காக எட்டு மாதம் ஆரோக்கியநாதனைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போனவர். பட்டையைத் தொட்டு மரத்தின் வயதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர். ஆரோக்கியநாதன் அவரை ‘டீச்சர்’ என்பார். முதலில் கேலியாக. நாலாவது மாதம் கேலி போய்விட்டது.

“டீச்சர், எழுந்திருங்க. வண்டி உள்ள வரணும்.”

“வரட்டும் சார். நான் உக்காந்திருக்கேன்.”

ஜேசிபி ஓட்டுநர் தணிகைவேல் இயந்திரத்தை அணைக்கவில்லை.

“உங்களுக்குத்தான் மரியாத பண்றாங்க. மன்றக் கூட்டத்துல மேடையில நாற்காலி போட்டிருக்கு.”

“எத்தன அடி தோண்டுவீங்க?”

“ஒரு மீட்டர். மூணே கால் அடி. அடியில எருவும் உமியும் போட்டாத்தான் வேர் சீக்கிரம் எறங்கும்.”

எட்டியம்மாள் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஆரோக்கியநாதனுக்குத் தெரியும். மரத்தின் பெயரைத் தான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் பார்த்தது.

“என்ன தப்பு, டீச்சர்?”

“ஊரு பூரா மரம் எண்ணினீங்க. இங்க எத்தன?”

“ஒண்ணுமில்ல.”

“ஏன் இல்ல?”

அதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. ‘மரம்: இல்லை. காலி இடம்’ என்று வரைபடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது சுற்றிப் பார்த்தார். வேலிக்கு வெளியே பெரிய வேம்பு மூன்று. உள்ளே தரையெல்லாம் வேப்பங்கொட்டை.

“மண்ணு சரியில்லியா?”

எட்டியம்மாள் அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் கைகாட்டினார். விரல் உயரத்தில் ஒரு வேப்பங்கன்று.

“அதப் புடுங்குங்க.”

“கன்னயா?”

“புடுங்குங்க சார்.”

குனிந்து பிடுங்கினார். வேரோடு வந்தது.

“புல்லு புடுங்கவா சார் ஆபீஸ்ல அனுப்பினாங்க?” தணிகைவேல் மேலிருந்து சிரித்தார்.

எட்டியம்மாள் கன்றை வாங்கி வேரைக் கையால் அளந்தார்.

“இப்பவே ஒரு சாண். விட்டா அடுத்த வருசத்துக்குள்ள எம் மூத்தவன் நெஞ்சுல எறங்கிடும். நாலு வயசு அவனுக்கு. வேர் தொடக் கூடாதுன்னு மழை விட்டதும் எல்லாரும் வந்து புடுங்குவோம். வருசா வருசம். எங்க தாத்தா காலத்துலேருந்து.”

இயந்திரம் நின்றது. கீழே இறங்கக் காலை எடுத்த தணிகைவேல், தரையைப் பார்த்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“எத்தன பேரு, டீச்சர்?”

“நாலு தலமொற. கல்லு நடல. யாரு எங்கன்னு எங்களுக்குத் தெரியும்.”

“எட்டு மாசம் கூட நடந்தீங்க. ஒரு வார்த்த சொல்லலியே?”

“மரம் எண்ணத்தானே சார் கூப்பிட்டீங்க.”

கைபேசி அடித்தது. நகராட்சித் தலைவர்.

“ஆரோக்கியம், அந்தம்மா வருதா இல்லியா? பத்திரிகைக்காரங்க வந்து உக்காந்தாச்சு.”

“மேடம், இடம் தப்பு.”

“யாரு தப்பு?”

“என் தப்பு. காலி இடம்னு நான்தான் எழுதினேன். இது இடுகாடு.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

“அத எழுத்துல குடுப்பியா? குடுத்தா நாளைக்கு உன் சீட்ல நீ இருக்க மாட்ட. யோசிச்சுக்க.”

இணைப்பு அறுந்தது.

ஆரோக்கியநாதன் வரைபடத்தைத் தொடைமேல் விரித்தார். ‘காலி இடம்’ என்பதை அடித்தார். ‘இடுகாடு’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்தார்: 10.25.

“கன்னு இங்க வராது, டீச்சர். வேற எடம் பாத்துப்பாங்க.”

எட்டியம்மாள் தலையாட்டவில்லை.

“பலகையாவது இருக்கட்டுமே. நல்ல வார்த்ததான் எழுதியிருக்கு.”

“நல்ல வார்த்ததான். கம்பத்துக்கு எத்தன அடி குழி?”

“ரெண்டரை.”

“எங்க தோண்டணும்? காட்டுங்க சார்.”

ஆரோக்கியநாதன் தரையைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை.

மன்றம் தீர்மானத்தை ஒத்திவைத்தது. நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. சர்வே எண் 212-இல் முளைத்திருந்த கன்றுகளைப் பிடுங்க முப்பத்தொரு பேர் வந்தனர். முப்பது பேர் இருளர்கள். இன்னொருவர், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த நகராட்சி வரைவாளர்.