மருதமடுவின் முதல்வாய்

மருதமடுவில் தண்ணீர் குடிப்பதற்கு ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் முதலில் நின்றவர் கிளைக்கொம்பர் என்ற கடமான். கடைசியில் நின்றவள் கரிச்சி என்ற காட்டுப்பன்றி.

கிளைக்கொம்பர் குடிப்பதற்கு ‘முதல்வாய்’ என்று பெயர். விடிந்ததும் அவர் தனியாக மடுவில் இறங்குவார். மற்ற விலங்குகள் எல்லாம் மேட்டிலிருந்த மருதமரத்துக்குப் பின்னால் தலை குனிந்து நிற்க வேண்டும். அவர் வயிறு நிறையக் குடித்துவிட்டுக் காதை உதறுவார். அதன் பிறகுதான் அடுத்தவர் காலெடுத்து வைக்கலாம். முதல்வாய் படாத தண்ணீரை எவரும் தொடக்கூடாது. தொட்டால் காட்டை விட்டே விரட்டிவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்காக ஏற்படுத்தியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

கரிச்சியின் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும். நூறு குளம்பு மிதித்த தண்ணீர் கூழாகிவிடும். அவள் அதைத்தான் குடித்தாள். ஆனாலும் மரத்துக்குப் பின்னால் நின்று அந்தத் தெளிந்த நீரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஓர் ஆசை எழும். ஒரே ஒரு நாள்! ஒரே ஒரு வாய்!

அந்தக் கோடையில் மடு பாதியாகச் சுருங்கியது. ஒருநாள் காலையில் புள்ளியன் என்ற மானைக் காணவில்லை. அவன் கிளைக்கொம்பரை விட்டு நிழல்போலப் பிரியாதவன்.

“புள்ளியன் எங்கே?” என்று விலங்குகள் கேட்டன.

“மேற்கு மலைக்குப் போய்விட்டான். அங்கே மழையாம்!” என்றது குறுவாலன். அது ஒரு நரி. கிளைக்கொம்பருக்கு முன்னால் நடந்து அவர் பெருமையைக் கூவுவதுதான் அதன் வேலை.

அன்று கிளைக்கொம்பர் மடுவில் இறங்கவில்லை. நோன்பு என்றார். மறுநாளும் நோன்பு என்றார். மூன்றாம் நாளும் நோன்புதான். முதல்வாய் படாததால் மற்ற யாரும் குடிக்க முடியவில்லை. முயல்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முள்ளம்பன்றி ஒன்று படுத்தது, எழவில்லை. கரிச்சி சினையாக இருந்தாள். வயிற்றுக்குள் குட்டிகள் அசைவது குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அசையவே மாட்டா என்று அவளுக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் காலையில் குறுவாலன் மரத்தடியில் நின்று கூவியது.

“எல்லாரும் கேளுங்கள்! நம் கிளைக்கொம்பர் ஐயாவின் பெருந்தன்மையைக் கேளுங்கள்! தலைமுறை தலைமுறையாகத் தன் குடும்பத்துக்கே உரிய முதன்மையை இன்று ஒரு கடைசிக்காரிக்கு விட்டுக்கொடுக்கிறார்! இன்றைய முதல்வாய், கரிச்சி அம்மாளுக்கு!”

நேற்றுவரை “ஏ சேத்துமூஞ்சி!” என்று கூப்பிட்ட வாய் அது.

கரிச்சி நரியை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கா? நிஜமாகவா?”

“உனக்கேதான், தாயி! இனிமேல் உன்னைக் கடைசி என்று எவன் சொல்வான்? இறங்கு, இறங்கு!”

மரக்கிளையில் இருந்த வெள்ளச்சி என்ற மந்தி, “அக்கா, அதிர்ஷ்டக்காரிதான் நீ! போய்ச் சீக்கிரம் குடி! எங்களுக்குத் தொண்டை வெடிக்குது!” என்றது.

கிளைக்கொம்பர் கரிச்சியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். மரத்துக்குப் பின்னால், எல்லாருக்கும் பின்னால், நின்றபடிதான் அசைத்தார். பட்டம் கொடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அந்த மகிழ்ச்சியில் கரிச்சி பார்க்கவில்லை.

அவள் சரிவில் இறங்கினாள். தண்ணீர் பளபளத்தது. சேறு இல்லை, கலங்கல் இல்லை. ஆனால் தவளைச் சத்தமும் இல்லை. நீர்க்கோழிகள் எங்கே? அவள் நடை தளர்ந்தது.

பிறகு கரையைப் பார்த்தாள். அந்தச் சேற்றை அவளைப்போல் அறிந்தவர் கிடையாது. மற்றவர்கள் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் மூக்கை வைத்து நிற்பவள் அவள்தானே! அவள் ஒருநாளும் கண்டிராத தடம் ஒன்று அங்கே கிடந்தது. அகலமான வயிறு இழுபட்ட தடம். அதன் இரு பக்கமும் விரல் விரிந்த காலடிகள். தடத்தின் முடிவில், பாதி புதைந்து, ஒரு மான்கொம்பு.

அது புள்ளியனின் கொம்பு.

கரிச்சியின் முதுகு மயிர் குத்திட்டு நின்றது. கால்கள் சேற்றில் ஊன்றிவிட்டன. தண்ணீரில் மூன்று முழத் தூரத்தில் இரண்டு குமிழ்கள் எழுந்தன. அவை உடையவில்லை. அவை குமிழ்கள் அல்ல, கண்கள்! இமைக்காமல் அவளையே பார்த்தன.

“என்ன நிற்கிறாய்? குடி!” என்று மேலிருந்து குறுவாலன் கத்தியது.

கரிச்சி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரடி பின்வைத்தாள்.

“திரும்பாதே! முதல்வாய்க்கு இறங்கியவள் குடிக்காமல் திரும்பினால் மடு தீட்டாகிவிடும்! உன்னைக் காட்டை விட்டு ஓட்டிவிடுவோம்!”

முன்னால் போனால் சாவு. பின்னால் போனால் தாகத்தில் சாவு. அவள் மட்டுமா, வயிற்றில் இருப்பவையும்தான். கத்திச் சொல்லலாமா? சொன்னால் நம்புவார்களா? கடைசிக்காரி பயந்துவிட்டாள், கௌரவத்தைத் தாங்கத் தெரியவில்லை என்று சிரிப்பார்கள்.

ஓரடி. இன்னும் ஓரடி. கண்கள் அவளோடு நகர்ந்தன. பத்துப் பன்னிரண்டு அடி மேலே வந்ததும் காலடியில் மணல் குளிர்ந்தது. சட்டென்று அவள் மூக்கை மணலுக்குள் குத்தினாள். தோண்டினாள். காய்ந்த மணல் போய் ஈர மணல் வந்தது. ஈர மணலுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. சிறு ஊற்று! கண்ணாடிபோல் தெளிந்த ஊற்று!

“இது என்ன அக்கிரமம்! முதல்வாய் மடுவில்தான் வைக்க வேண்டும்!” என்று குறுவாலன் குதித்தது.

“இதுவும் மடுத் தண்ணிதான்! மண்ணுக்கு அடியிலே நடந்து வந்திருக்கு!” என்றாள் கரிச்சி. குனிந்து குடித்தாள். ஒரு வாய், இரண்டு வாய், பத்து வாய். பிறகு நிமிர்ந்து, எல்லாரும் பார்க்கக் காதை உதறினாள். “குடிச்சாச்சு! எல்லாரும் வாங்க! ஆனா மடுப்பக்கம் போகாதீங்க! உள்ளே முதலை கிடக்கு! புள்ளியனைத் தின்னுருக்கு!”

வெள்ளச்சி உச்சிக்கிளைக்குத் தாவி எட்டிப் பார்த்தது. “ஐயோ! ஆமா! ரெண்டு கண்ணு தெரியுது!”

“இன்னுமா அங்கேயே கிடக்கு?” என்றது குறுவாலன்.

சொன்ன பிறகுதான் அது வாயைப் பொத்தியது. எல்லா விலங்குகளும் அதன் பக்கம் திரும்பின.

“இன்னுமா என்றால்? உனக்கு முன்பே தெரியுமா?” என்று ஒரு கிழட்டு முயல் கேட்டது.

நரி பின்னுக்கு நகர்ந்தது. “எனக்கென்ன தெரியும்? ஐயாதான் அன்றைக்குப் புள்ளியனைக் கூப்பிட்டு, தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவரச் சொன்னார். முதலை அவனை இழுத்துப் போனபின் யாரிடமும் சொல்லாதே என்றதும் அவர்தான்!”

அப்போதும் ஒருவர்கூடக் கிளைக்கொம்பரை எதிர்த்து வாய் திறக்கவில்லை. அவர் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். வந்ததும், பழக்கம் பாருங்கள், அத்தனை பேரும் விலகி வழிவிட்டார்கள். தங்களைத் தாகத்தில் சாகவிட்டவருக்குத்தான் வழிவிட்டார்கள்!

அவர் நேரே வந்து, ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம், மடுவுக்கு முதுகு காட்டி நின்றார். “நன்றாகத் தோண்டியிருக்கிறாய், கரிச்சி. விலகு.”

“எதுக்கு?”

“எதற்கா? முதலில் குடிப்பது நான். இன்று காலை உனக்குக் கொடுத்தேன். இப்போது எடுத்துக்கொள்கிறேன்.”

கரிச்சி அவர் கொம்பைப் பார்த்தாள். அந்தக் கொம்பு ஒரு குத்துக் குத்தினால் போதும், வயிறு கிழிந்துவிடும். ஆனால் ஊற்றோ ஒரு வாய்தான் அகலம். இவர் நின்றால் இவர் குடித்து முடிக்கும்வரை முயல்கள் தாங்காது. நாளையும் இவரேதான் நிற்பார்.

“முதலை இருந்தப்போ முதன்மை என்னுது. ஊற்று வந்ததும் உங்களுதா? நகர மாட்டேன், ஐயா.”

“என்ன சொன்னாய்?”

“நகர மாட்டேன்னு சொன்னேன்.”

கிளைக்கொம்பரின் கண் சிவந்தது. ஓடிவந்து முட்ட அவருக்கு இடம் தேவைப்பட்டது; கோபத்தில் பின்னால் மடு இருப்பது நினைவில் இல்லை. தலையைத் தாழ்த்திக் கொம்பை அவளுக்கு நேராக நீட்டியபடி பின்னோக்கி நடந்தார். ஓரடி, ஈரடி, ஐந்தடி. சரிவு அவர் பின்னால் இறங்கிக்கொண்டே போனது.

கரிச்சி அவர் முதுகுக்கு அப்பால் பார்த்தாள். தண்ணீரில் அந்த இரண்டு கண்களும் மெதுவாக மறைந்தன.

“நில்லுங்க! பின்னால் போகாதீங்க, ஐயா! நில்லுங்க!” என்று அலறினாள்.

“இப்போது கெஞ்சுகிறாயா? இந்தப் பயம் முன்பே இருந்திருக்க வேண்டும்!” என்று அவர் சிரித்தார். பத்தடி. பதினொன்று. பின்னங்குளம்பு தண்ணீரைத் தொட்டது.

மடு ஒரே அடியாக மேலெழுந்தது. அகன்ற வாய் ஒன்று திறந்து மூடியது. ஒரு கத்தல் பாதியில் நின்றது. கிளை விரித்த அந்தக் கொம்பு ஒருமுறை சுழன்று, சாய்ந்து, உள்ளே போனது. அலைகள் கரையில் மோதி ஓய்ந்தன. தண்ணீர் செம்மண் நிறமாயிற்று.

குறுவாலனை மட்டும் காணவில்லை. அது எப்போதோ ஓடிவிட்டது.

நெடுநேரம் கழித்து வெள்ளச்சி மரத்திலிருந்து இறங்கி வந்தது. “அக்கா, அடுத்து யார் குடிக்கணும்? நீயே வரிசை சொல்லு.”

மடுவைத் திரும்பிப் பார்க்கக் கரிச்சிக்குத் துணிவு வரவில்லை.

“வரிசையெல்லாம் எனக்குத் தெரியாது. யாருக்கு நாக்கு வறண்டிருக்கோ அவங்க வாங்க. மத்தவங்க பக்கத்திலே இன்னொரு குழி தோண்டுங்க” என்று சொல்லிவிட்டு, அவளும் மூக்கை மணலுக்குள் குத்தினாள்.

ஆபத்துக்கு முன்னே நிற்பவருக்கே முதன்மை உரியது; ஆபத்தை அடுத்தவர் தலையில் தள்ளிவிட்டுப் பலனுக்கு மட்டும் முன்னே வந்து நிற்பவன் திருடன்.