கருங்கிரீடமும் இருளப்பன் மீசையும்

கழுகுமலைத் தீப்பெட்டி ஆபீசில் இருளப்பன், மாசானம், கொம்பையா என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று தலைக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இருளப்பனுக்கு மீசை இருந்தது. அடேயப்பா, அதுவல்லவா மீசை! விளாத்திகுளத்தில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் போட்டது ஒரே கண்டிஷன். "ஆவணியில தாலி கட்டும்போது இந்த மீசை இருக்கணும்." மாப்பிள்ளை இருக்கணும் என்றுகூட அவள் கேட்கவில்லை.

அந்த மீசையைத்தான் இந்தப் பயல் பந்தயத்தில் வைத்தான்.

ராஜரத்தினம் அண்ணாச்சியின் கேம் சென்டரில் 'கருங்கிரீடம்' என்று ஒரு கேம் வந்திருந்தது. வாள், மந்திரம், பூதம், கோட்டை எல்லாம் உண்டு. திரையின் மூலையில் ஓர் இதயம் இருக்கும். கெட்டது செய்தால் கறுக்கும், நல்லது செய்தால் வெளுக்கும். முழுசாகக் கறுத்தவனுக்குக் கருங்கிரீடம். ஊரில் யாரும் அதுவரை வாங்கியதில்லை.

"நாங்க வில்லனா ஆடப்போறோம்" என்றான் இருளப்பன்.

செல்போன் கடை ஜெபசிங் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்களா? எறும்பு குறுக்க வந்தா சைக்கிளை நிறுத்துற ஆளுங்கல்லா!"

இருளப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள கிரீடம் வாங்கலைன்னா மீசையை எடுத்துருதேன்லே!" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் விளாத்திகுளம் ஞாபகம் வந்தது. வாய் விட்டது விட்டதுதானே.

ஆட்டம் தொடங்கியது. திரையில் எழுத்து வந்தது: 'கிராமத்தைக் கொள்ளையடி. ஒன்றையும் விட்டுவைக்காதே!'

"ஒண்ணையும்னா?" என்றான் மாசானம்.

"ஒண்ணையும்னா ஒண்ணையும்தான்" என்றான் இருளப்பன்.

பொன்னை அள்ளினார்கள். அதோடு நின்றால் சரி. தெருக் குப்பையை அள்ளினார்கள், சாக்கடைச் சகதியை அள்ளினார்கள், செத்த எலிகளையும் விடவில்லை. கிராமம் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆனது. ஜனங்கள் மாலையோடு ஓடி வந்தார்கள். இதயம் கொஞ்சம் வெளுத்தது.

"பாவிப் பயலுவ, கொள்ளையடிச்சா மாலை போடுதாங்க!" என்று இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "கொலைதாம்லே வழி."

கோட்டை வாசல் காவல்காரனை வெட்டினார்கள். இதயம் பாதி கறுத்தது. இருளப்பன் மீசையைத் தடவிக்கொண்டான். அப்போதுதான் கொம்பையா தொண்டையைச் செருமினான்.

"துக்கம் விசாரிக்க எப்ப போறோம்?"

"யாருக்கு?"

"செத்தவன் வீட்டுக்கு."

"கொன்னதே நாமதாம்லே!"

"அதான் சொல்லுதேன். கடைசியாப் பார்த்தது நாம. நாமளே தலைகாட்டலைன்னா ஊர் என்ன பேசும்?"

மாசானமும் யோசித்தான். "அவன் சொல்லுறதும் சரிதான். நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாப் போகணும். நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா யாரு வருவா?"

இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

போனார்கள். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, கொள்ளையடித்த பொன் முழுவதையும் காவல்காரன் பெண்டாட்டி காலடியில் வைத்தார்கள். 'கைம்பெண் உன்னைக் கண்ணீரோடு வாழ்த்துகிறாள்' என்றது திரை. இதயம் வெள்ளை வெளேரென்று ஆனது.

ஒவ்வொரு கொலைக்கும் ஒரு துக்கம் விசாரிப்பு என்று நாட்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ராஜ்ஜியத்தில் அவர்களுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருளப்பனுக்கு அழுகை முட்டியது. கடைசியில் ஒரு குகை வந்தது. உள்ளே ஒரு பலிபீடம்.

'உன் உற்ற துணைவனைப் பலியிடு. உன் இதயம் முழுதும் கறுக்கும்!'

கேமில் அவர்கள் பின்னாலேயே ஒரு சொறிநாய் முதல் நாளிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதைத்தான் சொல்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"உற்ற துணைவன்னா நான்தான்" என்றான் கொம்பையா. "என்னை வெட்டு."

மாசானத்துக்கு முகம் சுண்டிப்போனது. "நேத்து வந்த பய நீ. ஒண்ணாங் கிளாஸ்லயிருந்து கூட இருக்கேன். இருளப்பா, வெட்டுறதா இருந்தா என்னைத்தான் வெட்டணும். இல்லைன்னா நம்ம பேச்சு இன்னியோட முடிஞ்சுது."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இட்லி வாங்கித் தந்தியே இருளப்பா, அப்ப நான் யாரு?" என்று கொம்பையா விம்மினான்.

ஒருவனை வெட்டினால் இன்னொருவன் கோபித்துக்கொள்வான். இருளப்பன் நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். "நரபலிக்குப் பதிலா பூசணிக்காய் உடைக்கிறது உண்டுல்லா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு."

பூசணிக்காய் வந்தது. துளையிட்டுக் குங்குமத் தண்ணீர் ஊற்றினார்கள். மேலே சூடம் ஏற்றினார்கள்.

"பீடம் எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள."

பெட்டிமேல் ஓங்கிப் போட்டான் இருளப்பன். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. திரை முழுசாகக் கறுத்தது.

"கறுத்துட்டுலே!" என்று மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

டீ குடிக்கப் போயிருந்த அண்ணாச்சி திரும்பி வந்து பார்த்தார். பட்டனை அமுக்கினார். தட்டினார். "செத்துப்போச்சேடா பாவிகளா!" என்று அலறினார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொல்வது வேறு, முறை வேறு. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"தங்கமான கம்ப்யூட்டர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல" என்றான் மாசானம்.

"நம்ம கையில என்ன இருக்கு அண்ணாச்சி" என்றான் கொம்பையா. "பிள்ளை குட்டி இல்லாத ஜீவன். கொள்ளி போட யாராவது மொட்டை எடுக்கணுமே."

அடித்தவன் இருளப்பன் என்பதால் அவனே எடுத்தான். தலையோடு மீசையும் போனது.

சாயங்காலம் ஜெபசிங் சவரக் கத்தியோடு வந்து, உள்ளே பார்க்கும் முன்பே வாசலில் நின்று கத்தினான். "கிரீடம் எங்கலே? மீசையைக் காட்டு!"

"துக்க வீட்டுல வந்து பந்தயம் பேசுதியே, நீ மனுசனா?" என்று எழுந்தான் மாசானம். "இவன்தாம்லே வில்லன்! கிரீடத்தை இவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க!"

ஜெபசிங் வெட்கப்பட்டுப் போய் அவர்கள் பக்கத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்தான்.

அதற்குள் மாப்பிள்ளை மொட்டையடித்த சேதி விளாத்திகுளத்துக்கு எட்டியிருந்தது. பெண்ணைப் பெற்றவர் பஸ் பிடித்து வந்து இறங்கினார். மழுமழுவென்று இருந்த மாப்பிள்ளை முகத்தை மேலும் கீழும் பார்த்தார். இருளப்பன் துண்டால் மேலுதட்டை மறைத்துக்கொண்டான். போச்சு, கல்யாணம் போச்சு!

"மீசைக்கென்ன, ஆவணிக்குள்ள முளைச்சிரும். நான் எம்மவகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றார் அவர். "தவறினது யாரு?"

இருளப்பன் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினான்.

சம்பந்தி முறை விட்டுப்போகுமா? துக்க வீட்டுக்கென்று வாங்கி வந்த கோடி வேட்டியை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் போர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சி கையைப் பிடித்தார்.

"வயசு என்ன இருக்கும்?"

"மூணு வருசம்கூட ஆகலையே" என்று அண்ணாச்சி ஓவென்று அழுதார்.

"அடப்பாவமே! சின்ன வயசு" என்றார் அவர். "கட்டிக்குடுத்தாச்சா?"